வானிலிருந்து ஒரு சேதி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சீனன்குடாப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் பாடத்தை விட்டுவிட்டு யன்னலைப் பார்ப்போம். எங்கள் காலத்தில் அது பயத்தின் சத்தமும்தான்.

நம் பாடசாலையின் மூத்த அக்காமார் கேட்ட சத்தம் அதைவிடக் கொடியது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அதற்கு ஐந்து நாள் முன்பு, கொக்கலவிலிருந்து கற்றலீனா விமானத்தில் ரோந்து போன கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், தெற்கே நடுக்கடலில் அந்தக் கப்பற்படையைக் கண்டிருந்தார். கண்டதை வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். சேதி மட்டும் கரை சேர்ந்தது.

இன்று யுத்தமில்லாத வானத்திலும் விமானிகள் மேலிருந்து சேதி சொல்கிறார்கள். வட கனடாவின் ஏரியிலிருந்து கிளம்புகிறவருக்குப் பறப்புத் திட்டத்தைக் கொடுக்க அலுவலகம் இல்லை. தரையில் நின்றால் வானொலியும் எட்டாது. ஆகவே மேலே ஏறிய பிறகு சொல்கிறார். படிவத்தில் புறப்பட்ட இடத்துக்குரிய கட்டத்தில் 'ஏ.எஃப்.ஐ.எல்.' என்ற நான்கு எழுத்துகள் விழும். பறக்கும்போது கொடுத்த திட்டம் என்று அர்த்தம். எங்கே போகிறார், எத்தனை மணிக்குச் சேருவார், எரிபொருள் எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. சொன்ன நேரம் கடந்தும் வந்து சேராவிட்டால் விசாரிக்கத் தொடங்குவார்கள். சொல்லாமல் போனவரை யார் தேடுவது?

வைத்தியர்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. கடலுக்குப் போனவரை யாராவது கொண்டுவந்தார்களா என்று கேட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் மனைவிமாரிடம் இவற்றைத்தான் கேட்கிறோம். எத்தனை மணிக்குப் போனவர்? எந்தப் பக்கம்? படகில் எத்தனை பேர்? "தெரியாது டொக்டர், விடியமுன் எழும்பிப் போட்டார்." எங்களுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருப்பதில்லை.

கரையோரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். போகிற திசை, ஆட்களின் பெயர், எண்ணெய் எத்தனை லீற்றர், திரும்பும் நேரம் நான்கையும் எழுதுங்கள். விடியற்காலை அவசரத்தில் மறந்து போனால், படகில் இருந்தபடியே, போனில் சிக்னல் அறுவதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு எடுத்துச் சொல்லட்டும்.