டிஏசி வாங்குவதற்கு முன் பத்து நிமிடம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம் என்று நம் சங்கம் கேட்டுக்கொண்ட பிறகு, பல வீடுகளில் கம்ப்யூட்டரோடு ஹெட்போன் சேர்ந்துவிட்டது. நல்ல பழக்கம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் வரம்பு. ஆனால் ஹெட்போன் வந்த கையோடு ஒரு கேள்வியும் வந்துவிட்டது. லிஃப்டிலும் கேட்கிறார்கள், பார்க்கிங்கிலும் கேட்கிறார்கள்: "சார், எந்த டிஏசி வாங்கலாம்?"

ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சம் தாண்டியும் விற்கிற பொருள் இது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஏசி என்பது பட்டியலில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். என்ன குறை என்று தெரிந்த பிறகு, அந்தக் குறைக்காக மட்டும் வாங்க வேண்டும்.

டிஏசி என்றால் என்ன? கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றித் தருவது டிஏசி. அந்த அலையை ஹெட்போனை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தருவது ஆம்ப்ளிஃபையர். உங்கள் லேப்டாப்பில் ஹெட்போன் செருகும் துளை இருந்தால், இந்த இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அதாவது உங்களிடம் டிஏசி இல்லாமல் இல்லை. கேள்வி, இருப்பது போதுமா என்பதுதான்.

இங்கேயே சிலருக்குச் செலவு மிச்சம். உங்கள் ஹெட்போன் ப்ளூடூத்தா? அப்படியானால் டிஏசி அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி வயர் உள்ள ஹெட்செட்டுக்கும் அப்படித்தான். வெளியே தனியாக எதை வாங்கி வைத்தாலும் அதற்கு ஒரு பயனும் இல்லை.

வயர் ஹெட்போன்காரர்கள் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். செலவு கிடையாது.

ஒன்று: பாட்டு எதுவும் ஓடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவனியுங்கள். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கிறதா? மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று சத்தம் வருகிறதா?

இரண்டு: சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றுவிட்டால் குறை சார்ஜர் வழியாக வருகிறது.

மூன்று: மெதுவாகப் பதிவான ஒரு கச்சேரியைப் போட்டு வால்யூமை ஏற்றுங்கள். முழுக்க வைத்தும் சத்தம் போதவில்லையா?

மூன்றுக்கும் "இல்லை" என்றால், உங்கள் லேப்டாப்பே போதும். ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் வெளி டிஏசி உதவக்கூடும்.

அதற்கு முன் இன்னொரு வேலை. விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ் போய், "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்று இருப்பதை நிறுத்திவிடுங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் போட்டுவைத்த பாஸ் ஏற்றம், எதிரொலி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிஏசி கேட்டு என்னிடம் வந்த இரண்டு வீட்டில் இதோடு வேலை முடிந்துவிட்டது.

இப்போது பணத்தை எங்கே போடுவது? காதில் கேட்கும் வித்தியாசத்தில் பெரும் பங்கு ஹெட்போனுடையது. ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் பாஸ், குரல், ஜால்ரா எல்லாமே மாறும். சரியாகச் செய்யப்பட்ட இரண்டு டிஏசிகளுக்கு இடையே அப்படி மாறாது. அடுத்த பங்கு ஒலிப்பதிவுக்கு. எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் பதிவாகாத சத்தத்தை எந்த டிஏசியும் கொண்டுவந்து தராது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஹெட்போனுக்கு நாற்பதாயிரத்தில் டிஏசி வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுகிற கதை.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள். "32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பான். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கிறார்கள். ஓர் ஒலியைச் சரியாகத் திரும்பத் தர, அதன் அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுத்தால் போதும் என்பது கணக்கு. மனிதக் காதின் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ். அதுவும் இளம் வயதில். என் வயதுக்காரர்களில் பலருக்கு 12 கிலோஹெர்ட்ஸே சந்தேகம். 16 பிட் தருகிற இடைவெளி, மிக மெல்லிய சத்தத்திலிருந்து மிகப் பெரிய சத்தம் வரை, சுமார் 96 டெசிபெல். வீட்டில் கேட்க அது தாராளம்.

2007-ல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒரு பக்கம். அதையே சிடி அளவுக்குக் குறைத்தது மறு பக்கம். எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதே பாதிதான் விழும். 2016-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த இன்னோர் ஆய்வில் சிறிய வித்தியாசம் தெரிந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஆக, வித்தியாசம் இருந்தாலும் மிக நுண்ணியது. பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணுக்காக மட்டும் பணம் தர வேண்டாம்.

சரி, வாங்கியே ஆக வேண்டும் என்றால் எவற்றைப் பார்ப்பது?

முதலில், அதில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். டாப்பிங் இ30 போன்ற சில பெட்டிகள் டிஏசி மட்டும்தான். ஆம்ப்ளிஃபையர் தனியாக வாங்க வேண்டும். ஃபியோ கே7 போன்றவற்றில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, அவுட்புட் இம்பீடன்ஸ். இது ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். அதிகமானால் சில ஹெட்போன்களில் பாஸும் குரலும் நிறம் மாறும்.

மூன்றாவது, சக்தி. சாதாரண 32 ஓம் ஹெட்போனுக்கு, யூஎஸ்பி-சி துளையில் செருகும் விரல் நீள வயர் டிஏசியே பெரும்பாலும் போதும். ஆப்பிள் விற்கிற சின்ன அடாப்டர்கூட உண்மையில் ஒரு டிஏசிதான். அளவுகளிலும் நல்ல பெயர் வாங்கியது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பெரிய பெட்டியை யோசிக்கலாம்.

நான்காவது, டிரைவர். விண்டோஸ் 10-ல் 2017 முதல் யூஎஸ்பி ஆடியோ 2-க்கான டிரைவர் உள்ளேயே வருகிறது. அதைவிடப் பழைய விண்டோஸ் என்றால் கம்பெனியின் டிரைவர் தேவைப்படலாம், கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, திருப்பித் தரும் வசதியும் பில்லும். இரண்டும் இல்லாத இடத்தில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது ஒரு சூட்சுமம். சத்தம் சற்றே கூடுதலாக இருப்பது நம் காதுக்கு "தெளிவு" என்றுதான் தோன்றும். இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது, இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பாட்டின் ஒரே இடத்தைப் போடச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லிப் பத்து முறை ஊகித்துப் பாருங்கள். ஐந்து, ஆறு சரியாக வந்தால், விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வரலாம்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன். சக்தியுள்ள டிஏசி கையில் வந்தால் வால்யூம் தானாக ஏறும். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு என்று தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் பொழுதுபோக்குக்குச் சொல்வது இன்னும் கண்டிப்பானது: 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடையாது.

ஆகவே சாலைப் பக்கத்து பிளாட்டில் இருப்பவர்கள் மூடிய வகை ஹெட்போன் வாங்குங்கள். ஹாரன் சத்தத்தோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்ற வேண்டியிராது. திறந்த வகை சுகமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் தூங்குகிறவருக்கும் பாட்டு கேட்கும். புதுப் பெட்டியை இணைத்ததும் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வீட்டிலிருந்தே வேலை என்று நாள் முழுக்க ஹெட்போனோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உங்கள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு நம் நூலக அறைக்கு வாருங்கள். மூன்று சோதனையையும் சேர்ந்தே செய்து பார்த்துவிடலாம். பர்ஸ் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.