தோட்டத்தில் ஒரு நடை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



திருவிவிலியத்தில் கடவுள் மனிதரிடம் கேட்கும் முதல் கேள்வி எங்கே கேட்கப்பட்டது தெரியுமா? ஒரு தோட்டத்தில். தென்றல் வீசும் வேளையில் கடவுள் அங்கே உலாவ வருகிறார். ஆதாமும் ஏவாளும் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கிறார். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒளிந்தவர் தாமாகவே வெளியே வரட்டும் என்றுதான் கேட்கிறார்.

கடந்த ஆண்டு அந்தக் கேள்வி எனக்கும் கேட்டது. அதுவும் ஒரு தோட்டத்தில்தான்.

கண் பரிசோதனைக்காகப் பெங்களூரு போயிருந்தேன். தம்பியின் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. தம்பி மனைவி விடாமல் அழைத்ததால் அவர்கள் வீட்டில் தங்கினேன். தம்பியோடு நான் சரியாகப் பேசி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா கடைசி இரண்டு ஆண்டுகள் அவனிடம்தான் இருந்தார்கள். நான் பங்குப் பணி என்று சொல்லி எப்போதாவது போய்ப் பார்த்து வருவேன். அம்மா இறந்த பிறகு, அவர்களுடைய வளையல்களைத் தம்பி விற்றுவிட்டான் என்று தெரிந்தது. துக்கத்திற்கு வந்த உறவினர் முன்னிலையில், "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்று முதல் என்னை அண்ணன் என்று அழைப்பதை நிறுத்திவிட்டான். ஊரார் அழைப்பதுபோல, "வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி" என்பான். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. காணிக்கை செலுத்தும் முன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற நற்செய்திப் பகுதிக்கு அந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்பேன்!

மறுநாள் விடியற்காலையில் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, "லால்பாக் வரைக்கும் நடக்கப் போறேன். வர்றீங்களா சாமி?" என்றான். போனேன்.

லால்பாக் 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். அவர் மகன் திப்பு சுல்தான் அதை விரிவாக்கினார். பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்கா ஆயிற்று. இன்று 240 ஏக்கர். நாம் கூட்டு வைக்கும் பெங்களூர் கத்தரிக்காய், அதாவது சௌசௌ, இந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் அந்தப் பக்கம் பரவியது என்று சொல்வார்கள்.

ஏரியை ஒட்டி நடந்தோம். பேசவில்லை. ஒரு பெரிய இலவமரத்தின் அருகே தம்பி நின்றான். அதன் வேர்கள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. ஓர் ஆள் அதற்குள் மறைந்துகொள்ளலாம். பிறகு கண்ணாடி மாளிகையைக் கடந்தோம். 1889-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும்.

1908-இல் இந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் ஜெர்மனி நாட்டுக்காரர் கிரும்பிகல். ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்க வேண்டும், ஆண்டு முழுவதும் நகரத்தில் எங்காவது பூ இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு மரங்களை நடச் செய்தவர் என்று அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். தம்பி இதைச் சொன்னபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. நான் தூரத்தில் இருந்த நாள்களில், அம்மாவின் அருகே அவன் இருந்தான். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. கணக்குத்தான் கேட்டேன்.

கடைசியாகப் பாறைக்கு வந்தோம். கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வயது என்கிறார்கள் நிலவியலாளர்கள். இரவு மழை பெய்திருந்தது. ஏறும்போது என் கால் சறுக்கியது. "அண்ணே, பார்த்து!" என்று என் கையைப் பிடித்தான்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்ட சொல். இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. மேலே உட்கார்ந்ததும், "வளையல் விஷயத்தில் நான் பேசியது தப்பு. எல்லார் முன்னாலும் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் ஊரைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தான். பிறகு சொன்னான்: "அம்மாதான் கழற்றித் தந்தாங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொல்லாதேன்னாங்க. அதனாலதான் அன்னைக்கும் நான் வாயைத் திறக்கல."

அன்பர்களே, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக ஏழு ஆண்டுகள் பழியைச் சுமந்தவன் என் தம்பி. நான் மரங்களுக்குள் ஒளிந்திருந்தேன். என் குருத்துவப் பணியையே மரமாக்கி ஒளிந்திருந்தேன்.

எம்மாவு சாலையில் உயிர்த்த ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். சோர்ந்துபோன இரண்டு சீடர்களோடு சேர்ந்து நடந்தார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனத்தில் இருந்ததைக் கொட்டும்வரை பொறுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் விளக்கம் சொன்னார். நாமோ விளக்கத்தை முதலில் வைக்கிறோம். சேர்ந்து நடக்க நேரமில்லை என்கிறோம்.

நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாததை, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பேசிவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பாதையைப் பார்த்தால் போதும். உங்கள் ஊரிலும் ஒரு பூங்கா இருக்கும், கடற்கரை இருக்கும், குளக்கரை இருக்கும். இந்த வாரம் ஒரு நாள், நீங்கள் பேசாமல் விட்ட ஒருவரை, "கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" என்று அழையுங்கள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர் வேகத்துக்கு நடங்கள். முதல் நாளே எல்லாம் சரியாகிவிடாது. மறுநாளும் அழையுங்கள்.

மன்றாடுவோம்: தோட்டத்தில் எங்களைத் தேடி வரும் இறைவா, எங்கள் ஒளிவிடங்களிலிருந்து எங்களை வெளியே அழைத்தருளும். நாங்கள் காயப்படுத்தியவர்களோடு சேர்ந்து நடக்கும் தாழ்ச்சியை எங்களுக்குத் தாரும். ஆமென்.