அக்கா மகனின் கன்னிவேட்டை

பொங்கல் சாப்பாடு முடிந்தும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் விஸ்கான்சின் தமிழ்ச் சொந்தங்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளைய தலைமுறையும் தமிழ் மரபும்'. அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் மானிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன நவம்பரில் என் அக்கா மகனை முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனேன். பன்னிரண்டு வயது. துப்பாக்கியைச் சும்மா தூக்கிக் கையில் கொடுத்துவிடவில்லை. 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்துத்தான் வேட்டை உரிமம் வாங்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. படித்தான், பரீட்சை எழுதினான், தேறினான். வேட்டைக் காலம், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். ஐந்து லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோடு, காட்டில் இறங்குகிறார்கள்!

நாங்கள் போனது ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்துக்கு. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். மேடையில் தன் பெயர் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கார் பனியில் புதைந்துபோனது. கூப்பிடாமலே டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டவர் அவர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

விடியவில்லை. மரத்தில் கட்டிய பரணில் நானும் பையனும். அவன் விட்ட மூச்சு கழுத்துத் துண்டில் படிந்து வெள்ளையாக உறைந்துவிட்டது. முதலில் இரண்டு குட்டிகளோடு ஒரு பெண்மான் வந்தது. விட்டுவிட்டோம். பிறகு ஆண்மான் ஒன்று. நல்ல கொம்பு! எதிர் மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறது. பையன் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். விசையைத் தொடாமல் விரல் நீட்டியபடி இருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மெதுவாகத் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சொன்னான்: "மாமா, மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு தெரியலையே."

தட்டுங்கள், அவனுக்காக நன்றாகத் தட்டுங்கள்! ஆசைப்பட்டது கண் முன்னால் நிற்கும்போது கையை இறக்கத் தெரிந்த பிள்ளை அவன்!

ஆனால் வேறொரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். வேட்டைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்காம். ஐயா, நான் கேட்கிறேன்: கண்ணப்பர் யார்? உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன். அப்பனுக்கு வயதாகிவிட்டது, தலைமையைத் திண்ணனிடம் கொடுத்துக் கன்னிவேட்டைக்கு, அதாவது முதல் வேட்டைக்கு, அனுப்புகிறான். அந்த வேட்டையில்தான் அவர் காளத்தி மலையைக் காண்கிறார். நாயன்மார் அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோமே, அது எந்தப் பண்பாடு? அந்த வேட்டையைப் பாடும்போது சேக்கிழார் என்ன சொல்கிறார்? அந்த வேடர்கள் யானைக்கன்றைத் துரத்த மாட்டார்கள், சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள், சினையாக இருக்கும் பிணைமானை வருத்த மாட்டார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பாடி வைத்திருக்கிறார். வேட்டைக்குள்ளேயே அறம் இருக்கிறது ஐயா!

இன்னொன்றும் சொன்னாராம், வேட்டைக்காரன் காட்டை அழிக்கிறான் என்று. 1937-ல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்குப் பதினொன்று வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் காட்டுக்காகக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தா இந்தப் பேச்சு? கடையில் ஆட்டுக்கறி வாங்கிச் சாப்பிடுகிற நாம் யாருக்கும், மானின் கண்ணைப் பார்த்தவனைக் குறை சொல்ல வாய் இல்லை.

சரி, அந்தப் பால்பண்ணைப் பெரியவரிடம் வருகிறேன். பையனுக்கு மான் கிடைத்ததா என்று முன்வரிசை அம்மா கேட்கிறார்கள். கிடைத்தது தாயே, மறுநாள் சாயங்காலம். ஒரே குண்டு. ஓடிப்போய்ப் பார்த்தவன் அழுதுவிட்டான். பெரியவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றார். அழாதே என்று சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வயிற்றைக் கீறியதும் அந்தக் குளிரில் ஆவி எழும்பி இரண்டு பேர் முகத்தையும் மறைத்தது. குடலில் கத்தி படாமல் எப்படி எடுப்பது, கறி கெடாமல் எப்படிச் சீக்கிரம் ஆற விடுவது, எல்லாம் அவன் கையாலேயே செய்ய வைத்தார்.

2002-ல் இந்த மாநிலத்து மான்களிடம் மூளையைத் தின்னும் நோய் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பெரியவர் தன் நிலத்தில் விழுந்த மானைச் சோதனைக்குக் கொடுக்காமல் விட்டதில்லை. முடிவு வரும்வரை ஒரு துண்டு சட்டிக்குள் போகாது. முடிவு நல்லதாக வந்தது. பாதிக் கறியை உணவு வங்கிக்குக் கொடுக்கச் சொன்னார், பையனே கொண்டுபோய்க் கொடுத்தான். மீதியை என் அக்கா மிளகு தூக்கலாக வறுத்து, முதல் தட்டை அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி நம் சங்க மேடையில் இத்தனை வருஷத்தில் யாராவது ஒரு வார்த்தை பேசினோமா? பக்கத்து வீட்டு வள்ளலைத் தெரியாமல் பாரி, ஓரி என்று பேசிக்கொண்டிருக்கிறோமே!

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் மணிக்கட்டைக் காட்டுகிறார். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயரை எழுத இடது பக்க மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன். பெண்பிள்ளைகளும் வர வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும். அவர்களையும் நானே கேள்வி கேட்பேன்.