முதலப்பொழி வழியாகப் பொன்முடிக்கு

நேயர்களே, திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலும் கோவளமும் நீங்கள் பார்த்ததுதான். நான் சனிக்கிழமை விடிந்ததும் புல்லட்டை எடுத்துக்கொண்டு கடலோரமாக வடக்கே போகிற ஆள். தும்பா தாண்டி, பெருமாதுறை தாண்டி, முதலப்பொழிப் பாலம். வாமனபுரம் ஆறு கடலில் சேருவது இங்கேதான். மழைக்காலத்தில் இந்த முகத்துவாரம் பொல்லாதது. படகு கவிழ்ந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது.

பாலத்தைக் கடந்தால் அஞ்சுதெங்கு. அந்தச் சின்னச் சதுரக் கோட்டையைப் பார்க்காமல் போனால் எனக்கு வண்டி ஓடாது! 1690களில் ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கி, மிளகுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. வந்தவர்கள் மிளகு விலையில் விளையாடினார்கள், ஊரார் குமுறிக்கொண்டிருந்தார்கள். 1721 ஏப்ரலில் கோட்டைத் தலைவர் கிஃபோர்டு, ஏறக்குறைய 140 பேரோடு ராணிக்குப் பரிசு கொண்டு ஆற்றிங்கலுக்குப் போனார். அன்றிரவு அவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அப்புறம் மாதக்கணக்கில் கோட்டை முற்றுகை. பிளாசிக்கு 36 வருஷம் முந்திய கதை இது. நம் பாடப்புத்தகத்தில் நான் படித்த ஞாபகம் இல்லை, உங்களுக்கு உண்டா?

இன்னொன்று கேளுங்கள். ஆற்காட்டு முற்றுகையையும் நம் மருதநாயகத்தின் போர்களையும் எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம் பிறந்ததும் இதே அஞ்சுதெங்கில்தான், 1728இல். பக்கத்துக் காயிக்கரையில் 1873இல் மகாகவி குமாரன் ஆசான்... அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மலைக்கு ஏறிவிடுகிறேன்!

ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காடு, விதுரா. பெட்ரோல் விதுராவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். தட்டுக்கடையில் கப்பையும் மீன்கறியும் கிடைத்தால் விடாதீர்கள். குடம்புளி போட்ட கறி, நாக்கில் சுள்ளென்று ஏறும். பிறகு கல்லாறு. நேற்று பாலத்தின் கீழே கடலுக்குப் போனதே, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் இங்கிருந்து இறங்கியதுதான். கல்லாற்றுக்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது சுகம், இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சு இறங்கினால் முன்னே போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்குத்தான் வழி.

பொன்முடி உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். அதைவிட, வருகிற வழியில் கல்லாற்றின் உருண்டைக் கற்கள் மேல் உட்கார்ந்து கால் நனைப்பது எனக்குப் பிடிக்கும். கால் மட்டும்தான் நேயர்களே! அங்கே வட்டக்கயம் என்கிற இடத்தின் பக்கம் குளிக்க இறங்காதீர்கள், பாறை வழுக்கும், ஆழம் தெரியாது.