கோழிச் சீக்கும் ஐஸ் பெட்டியும்

(பண்ணை இல்ல ஒலிபரப்பில் ஒரு கால்நடை டாக்டர் பேசியது)

விவசாயப் பெருமக்களே, முக்கியமாகத் தாய்மார்களே!

தாய்மார்களைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மாடு வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் ஆண்கள் பாடு. புறக்கடையில் மேய்கிற நாலு கோழி வீட்டுப் பெண்ணின் சொத்து. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், நோம்பிக்கு வளையல், திடீரென்று விருந்தாளி வந்தால் குழம்பு, எல்லாம் அதிலிருந்துதான். அந்தச் சொத்து ஒரே வாரத்தில் கூண்டோடு காலியாகிறது என்றால், அனேகமாக வந்திருப்பது வெள்ளைக்கழிச்சல்.

சீக்குக் கோழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் தூங்கி விழும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து கர் கர் என்று மூச்சு வாங்கும். சிலது கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், காலும் இறக்கையும் விழுந்துபோகும். தடுப்பூசி போடாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு கூடச் சாகும். இது வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. கண்ட மாத்திரையைக் கரைத்து ஊற்றினாலும், சின்ன வெங்காயத்தை அரைத்துப் புகட்டினாலும் அந்த வைரஸ் அசையாது. வருவதற்கு முன்னால் தடுப்பதுதான் வழி.

டாக்டர்கள் இதை இராணிக்கெட் நோய் என்போம். இராணிப்பேட்டை நோய் என்று சொல்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பாவம் இராணிப்பேட்டை! அங்கே 1932-ல் ஏற்பட்ட அரசு நிலையத்தில் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்துதான் தயாராகிறது, நோய் அல்ல. இராணிக்கெட் என்பது இமயமலையில் குமாவுன் பகுதியில் இருக்கிற மலையூர். 1927-ல் அங்கே கோழிகள் கும்பலாகச் செத்தன. முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது இருந்த எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி அதை எழுதி வைத்தார், ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அதற்குச் சற்று முன் 1926-ல் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் இதே நோய் தென்பட்டது. அதனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு இது நியூகாசில் நோய்.

முக்தேஸ்வர் பற்றி ஒரு வார்த்தை. கால்நடை ஆராய்ச்சியை 1889-ல் புனாவில் ஆரம்பித்தார்கள். நாலு வருஷத்தில் அதை ஏழாயிரத்து ஐந்நூறு அடி உயர மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே குளிர் அதிகம், ஜனம் குறைவு. கிருமி தப்பி வெளியே வந்தாலும் ஊர் மாடுகளைத் தொடாது என்று கணக்கு. மாட்டு வெக்கை நோய் வைரஸை எட்வர்ட்ஸ் வெள்ளாட்டில் மாற்றி மாற்றிச் செலுத்தி வீரியம் குறைத்ததும் அங்கேதான். அந்த வெக்கை 1995-க்குப் பிறகு நம் நாட்டில் தலைகாட்டவில்லை. 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். மாட்டில் ஜெயித்தோம், கோழியில் இன்னும் இழுபறிதான்.

மருந்து இல்லாமல் இழுபறி இல்லை. 1940-லேயே ஐயர் என்பவரும் டாப்சன் என்ற ஆங்கிலேயரும், கருவுள்ள கோழி முட்டைக்குள் இந்த வைரஸை வளர்த்து வளர்த்துச் சாதுவாக்கித் தடுப்பு மருந்தாக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். அதே வழியில் முக்தேஸ்வர் ரக வைரஸும் மருந்தாயிற்று. நம் டாக்டர்கள் எட்டு வாரக் கோழிக்குப் போடும் ஆர்.2.பி. ஊசி அந்த ரகம்தான். அது கொஞ்சம் முரட்டு ரகம், சின்னக் குஞ்சு தாங்காது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா அல்லது எஃப் ரகம், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. லசோட்டா என்பது ஏதோ ரசாயனப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணைக்காரரின் பெயர் அது. அவர் கோழியிலிருந்து எடுத்த வைரஸ்.

இவ்வளவும் இருந்தும் கிராமத்துக் கோழி ஏன் சாகிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஈரோடு பக்கம் ஒரு கிராமம். சித்திரை வெயில். மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் பஸ் நின்றுபோய், மத்தியானம்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். பிளாஸ்க்கைத் திறந்தால் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர். திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தார்கள். போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து அந்த ஊரில் சீக்கு வந்தது. ஊசி போட்ட கோழி, போடாத கோழி என்று வித்தியாசம் பார்க்கவில்லை. ஒரு வயதான அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க டாக்டரு, நீங்க போட்டது மருந்துங்களா, தண்ணிங்களா?”

“தண்ணிதானுங்க ஆத்தா” என்றேன். வேறு என்ன சொல்ல? உயிருள்ள வைரஸ்தான் அந்த மருந்தே. சூட்டில் அது செத்துவிட்டால் குப்பிக்குள் மிச்சம் இருப்பது தண்ணிதான். “பதினோரு கோழிங்க” என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்த ஐஸ் தொல்லையையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து வைரஸ் விஞ்ஞானி பீட்டர் ஸ்ப்ராட்புரோ. அந்த மாநிலத்தில் 1966-ல் நல்ல ஆரோக்கியமான ஒரு கோழியிலிருந்து வி-4 என்ற வைரஸ் கிடைத்திருந்தது. இராணிக்கெட் வைரஸின் பங்காளிதான், ஆனால் கோழிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. கெடுதல் செய்யாத பங்காளி உள்ளே புகுந்தால், கெட்டவன் வரும்போது கோழியின் உடம்பு ஆளை அடையாளம் கண்டு விரட்டிவிடும். ஸ்ப்ராட்புரோவும் கூட்டாளிகளும் அந்த வி-4-ஐச் சூடு காட்டினார்கள். பெரும்பகுதி செத்தது. பிழைத்ததை மட்டும் எடுத்து வளர்த்து மறுபடி சூடு காட்டினார்கள். வறட்சியில் தப்பின கதிரிலிருந்து நாம் விதை எடுப்பதில்லையா, அதே வேலைதான். கடைசியில் சூடு தாங்குகிற ரகம் கையில் நின்றது.

1984 முதல் ஆஸ்திரேலிய அரசின் உதவியோடு மலேசிய விஞ்ஞானிகளும் சேர்ந்து இதைக் கிராமத்துக் கோழியில் சோதித்தார்கள். மரத்தில் அடைகிற கோழியைப் பிடித்து ஊசி போடுவது லேசா? அதனால் தீவனத்தில் மருந்தைத் தடவிப் போட்டார்கள். மலேசியாவில் நன்றாக வேலை செய்தது. வேறு நாடுகளில் அரிசியிலும் மற்ற தானியத்திலும் கலந்து போட்டபோது ஒரே மாதிரிப் பலன் கிடைக்கவில்லை. சில தானியங்களின் மேல் வைரஸ் நிலைக்கவே இல்லை. ஆகவே கண்ணில் ஒரு சொட்டு விடுவதுதான் நிச்சயம் என்று திரும்பி வந்தார்கள். தோற்றதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வி-4 வியாபாரக் கம்பெனி மருந்தாகிவிட்டதால் ஏழை நாடுகளுக்கு விலை கட்டுப்படியாகவில்லை. ஸ்ப்ராட்புரோ மறுபடி தேடி ஐ-2 என்ற இன்னொரு சாது ரகத்தைப் பொறுக்கினார். அதன் தாய் வித்தை, தானே மருந்து தயாரித்துக்கொள்ள விரும்பும் நாடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வியட்நாம், தான்சானியா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் அது கிராமங்களுக்குப் போயிற்று. மொசாம்பிக்கில் நாலு மாதத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ச் சொட்டு விடுகிறார்கள். இந்த மருந்தும் வெயிலில் வைத்தால் கெடும்தான். ஆனால் உறைய வைத்து உலர்த்திய குப்பியை நிழலில் வைத்தால் ஐஸ் இல்லாமலே சில வாரம் தாங்கும். ஒன்றாக அடைகிற கோழிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பரவிப் பாதுகாப்பும் கொடுக்கும். அன்றைக்கு என் பிளாஸ்க்கில் இது இருந்திருந்தால் அந்தப் பதினோரு கோழியும் பிழைத்திருக்கும் என்று நினைப்பேன்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தீவனக் குருணை வடிவில் மருந்து செய்திருக்கிறது. புறக்கடைக் கோழிக்கென்று ஆனதுதான். உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் விசாரியுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிகளில் அதிகம் புழங்குவது பழைய குளிர்ப்பெட்டி மருந்துதான். அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவு. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நீங்கள் நாலு கோழியோடு தனியாகப் போய் நின்றால் குப்பியை உடைக்க எந்த டாக்டருக்கும் மனசு வராது. ஆகவே தெருவோடு பேசி வையுங்கள். இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழி ஆகிவிடும். முதல் நாள் பொழுது சாய்ந்து அடைந்ததும் கூடையில் கவிழ்த்துவிடுங்கள். விடிந்த பிறகு துரத்திப் பிடிக்கிற கதை வேண்டாம். டாக்டர் ஐஸோடு வருகிறாரா என்று பெட்டியைத் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐஸ் கரைந்திருந்தால் “இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு இரண்டு வார முகாம் நடக்கும், செலவில்லை. கோடைக்கு முன்னால் வைப்பது காரணத்தோடுதான். ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். சீக்கு வந்து தூங்குகிற கோழிக்கு ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பிரயோஜனம் இல்லை.

சந்தையில் வாங்கின சேவலை நேராகக் கொண்டுவந்து மற்றதோடு விடாமல், இரண்டு வாரம் தனியாகக் கட்டிப் போடுங்கள். செத்த கோழியை வாய்க்காலில் வீச வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மிச்சத்தை அவசரமாக விற்றுக் காசாக்கப் பார்ப்பதும் உண்டு, அதுதான் அடுத்த ஊருக்குச் சீக்கைக் கொண்டுபோகிறது. கும்பலாகக் கோழிகள் செத்தால் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் முதலில் இதே மாதிரிதான் தெரியும், வெறும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

இந்த வருஷ முகாம் தேதியை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.