வாறுகால் அடைச்சா யார்கிட்டப் போறது?

(வெம்பக்கோட்டை தெருமுனைக் கூட்டத்தில் நமது ஒன்றியப் பொறுப்பாளர் ஆற்றிய உரையிலிருந்து)



2019 டிசம்பர்ல நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அதே மாசம் சட்டமன்றத்துல ஒரு மசோதா நிறைவேறுது. விருதுநகர் உட்பட 28 மாவட்டத்துக்கும் தனி அலுவலர்! நம்ம ஊராட்சிகளுக்கு இனி பி.டி.ஓ.தான் எல்லாம்.

அரசியலமைப்புச் சட்டம் 243-இ பிரிவு என்ன சொல்லுது? அஞ்சு வருஷம் முடியிறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும். வார்டு மறுவரையறை, ஊராட்சிகளை நகரத்தோட இணைக்கிறதுன்னு இப்போ காரணம் சொல்றாங்க. அந்த அஞ்சு வருஷத்துல செஞ்சிருக்க வேண்டியதுதானே? முந்தைய ஆட்சி மட்டும் யோக்கியமா? 2016 அக்டோபர்ல ஆரம்பிச்ச தனி அலுவலர் ஆட்சியை, தவணை தவணையா நீட்டிச்சு 2020 ஜனவரி வரைக்கும் இழுத்தாங்க. நகரங்கள்ல 2022 வரைக்கும் போச்சு.

"அதிகாரி இருந்தா வாறுகால் ஓடாதா?"ன்னு சிலர் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. 1858 கோடையில லண்டன் தேம்ஸ் நதி நாத்தம் தாங்காம, நாடாளுமன்ற சன்னல் திரையெல்லாம் சுண்ணாம்பு மருந்துல நனைச்சுத் தொங்கவிட்டாங்க. சாக்கடை மசோதா பதினெட்டே நாள்ல நிறைவேறுச்சு! வேலை செஞ்ச வாரியம் மக்கள் நேரடியா தேர்ந்தெடுத்தது இல்லை. ஆனாலும் பசால்கெட்ங்கிற இன்ஜினியர் பிரமாதமாத்தான் கட்டினார். லண்டன் மக்கள் நேரடியா ஓட்டுப் போட்ட கவுன்சில் 1889-லதான் வந்துச்சு. ஆனா ஒண்ணு, அங்க நாத்தம் சட்டம் போடுறவங்க மூக்குலயே ஏறுச்சு. வெம்பக்கோட்டை வாறுகால் நாத்தம் கோட்டைக்குப் போய்ச் சேருமா, சொல்லுங்க?

நம்ம பொழப்பை நினைச்சுப் பாருங்க. விடிஞ்சதும் பட்டாசு ஆலை வேன்ல ஏறினா, திரும்பி வரச் சாயங்காலம். அதுக்குள்ள ஒன்றிய ஆபீஸ் பூட்டியிருக்கும். ஒருநாள் கூலியை விட்டுட்டுத்தான் அதிகாரியைப் பார்க்கணும். வார்டு உறுப்பினர்னா? ராத்திரி எட்டு மணிக்கும் வீட்டு வாசல்ல நின்னு, "ஏன்யா, தெருவுல தண்ணி தேங்கிக் கிடக்கு, கொசு புடுங்குது"ன்னு கேக்கலாம். அடுத்த தெருக்காரர்தானே, எங்க போயிடுவார்?

காசு விஷயமும் இருக்கு. 2021-26க்கான 15-ஆவது நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான்னு இருந்துச்சு. அதுல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு ஒதுக்கின பணம். தேர்தல் தள்ளிப்போனா அடிபடுறது இந்த மாதிரிப் பணம்தான்.

அடுத்த கிராம சபை வரப் போகுது. வேலைக்குப் போறவங்க வீட்டுல இருந்து ஒருத்தராவது வாங்க. "உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து"ன்னு தீர்மானம் கொண்டுவாங்க. வாயால சொன்னா போதாது, தீர்மான நோட்டுல எழுத வைங்க. எழுதின பக்கத்தைப் படம் எடுத்து உங்க கிளைச் செயலாளர்கிட்ட அன்னைக்கே கொடுங்க. எல்லா ஊர்த் தீர்மானத்தையும் சேர்த்து மாவட்ட ஆட்சியர்கிட்ட நாம நேர்ல கொடுக்கப் போறோம்.