ஓட்டுநர் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார்?

(போட்டாதாங் வட்டாரத் தமிழ் மக்களுக்கான சாலை விதிகள் பற்றிய உரை)



சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ உறவினர் ஒருவர் யாங்கோனுக்கு வருகிறார். மகா பண்டூலா சாலையின் ஓரத்தில் நின்று, பிறந்த ஊரின் பழக்கத்தால் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். சாலை காலியாக இருக்கக் கண்டு ஓரடி எடுத்து வைக்கிறார். வாகனமோ இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. உடன் வந்த வீட்டுக்காரர் அவருடைய கையைப் பிடித்து இழுக்கிறார். போட்டாதாங்கில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. இழுக்க ஆள் இல்லாத வேளையில் என்ன நேரும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

சாலை விதிகளைப் பற்றிப் பேசப் புகுமுன் இந்நகரின் சாலைகளுக்கே உரிய ஒரு முரண்பாட்டை விளங்கிக்கொள்வது நலம். பர்மா பிரித்தானிய ஆட்சியில் இருந்த காலம் தொட்டு வாகனங்கள் இடப்பக்கமாகவே சென்றன. 1970 டிசம்பர் 6ஆம் நாள் நாடு முழுவதும் போக்குவரத்து வலப்பக்கத்திற்கு மாற்றப்பட்டது. சோதிடர் ஒருவரின் சொல்லே காரணம் என்று சிலர் கூறுவர். அரசியல் கருத்தே காரணம் என்று வேறு சிலர் கூறுவர். எதுவாயினும், சாலை பக்கம் மாறியதே ஒழிய வாகனங்கள் மாறவில்லை. திசைதிருப்பும் சக்கரம் வலப்பக்கத்தில் அமைந்த பழைய வாகனங்களே வலப்பக்கச் சாலையில் தொடர்ந்து ஓடின.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1967 செப்டம்பர் 3ஆம் நாள், சுவீடன் நாடும் இதே மாற்றத்தைச் செய்தது. ஆனால் அங்குள்ள கார்களில் பெரும்பாலானவற்றில் சக்கரம் முன்பிருந்தே இடப்பக்கத்தில் இருந்தது. ஆகவே அங்கே மாற்றம் ஒரு பொருத்தமின்மையைத் தீர்த்தது. இங்கே புதிதாக ஒன்றை உண்டாக்கியது. பின்னர் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்களும் வலச்சக்கர வாகனங்களே. 2011இல் இறக்குமதி விதிகள் தளர்த்தப்பட்டபோது அவற்றின் எண்ணிக்கை பெருகியது. 2017 முதல் இடச்சக்கர வாகனங்களையே இறக்குமதி செய்யலாம் என்ற விதி வந்தது. எனினும் முன்பு வந்தவை ஒரே நாளில் மறைந்துவிடுவனவல்ல. இன்றும் ஒரு வாடகைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றால், அதன் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம்.

நடைபாதையை ஒட்டி அமர்ந்திருப்பவருக்குச் சாலையின் நடுப்பகுதி சரியாகத் தெரியாது. முன்னே ஒரு பேருந்து சென்றால், அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்பதை அறிய அவர் தமது வண்டியில் பாதியை இடப்பக்கம் வெளியே நீட்டியாக வேண்டும். அவர் பார்க்கும் முன்பே வண்டி எதிர்வரிசையில் நுழைந்துவிடுகிறது. பழைய பேருந்துகளில் ‘ஸ்பேர்’ என்று அழைக்கப்பட்ட உதவியாளர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு ஓட்டுநருக்கு வழி சொல்லி வந்ததை முதியோர் நினைவுகூர்வர். வெளியூரார் அதை வேடிக்கையாகப் பார்த்தனர். உண்மையில் அந்த உதவியாளர் ஓட்டுநருக்கு இரண்டாவது கண்ணாக இருந்தார். ஜப்பானில் இடப்பக்க நடைபாதைக்காக வாசல் அமைக்கப்பட்ட சில பேருந்துகளில், பயணிகள் நடுச்சாலையிலேயே இறங்க வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் யாங்கோன் பேருந்துச் சேவை தொடங்கிப் புதிய பேருந்துகள் வந்த பின்னரே இந்நிலை பெரிதும் சீர்பட்டது.

வாடகைக் காரில் இந்த ஆபத்து இன்னும் இருக்கிறது. வலச்சக்கரக் காரில் ஓட்டுநரின் பக்கத்து இருக்கை இடப்புறம் உள்ளது. அதன் கதவு, கார் ஓரமாக நின்றாலும், ஓடும் வாகனங்களின் பக்கமே திறக்கும். பின்னிருக்கையின் இடக்கதவும் அப்படியே. ஆகவே முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் அவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்தி, வலக்கதவு வழியாக, அதாவது நடைபாதைப் பக்கமாக இறக்க வேண்டும். கோவிலுக்கும் திருமண வீட்டுக்கும் செல்கையில் ஐந்தாறு பேர் ஒரே காரில் நெருக்கியமர்ந்து, இறங்கும் அவசரத்தில் எல்லாக் கதவுகளையும் ஒருசேரத் திறக்கும் வழக்கம் கைவிடத்தக்கது.

இனி, திரும்பும் தடைகளுக்கு வருவோர் பொதுவாக எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. ‘கண்ணெதிரே தெரியும் தெருவிற்குள் இடப்பக்கம் திரும்பக் கூடாது என்று ஏன் தடுக்கிறார்கள்?’ நகரின் நெரிசல் மிக்க சந்திகள் பலவற்றில் இத்தடை உண்டு. அதை வெறும் தொல்லையாகவே பலர் எண்ணுகின்றனர். வலப்பக்கப் போக்குவரத்தில் இடப்பக்கம் திரும்பும் வண்டி எதிர்வரும் வரிசையைக் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும். அதைக் கடந்த உடனே, தான் நுழையும் தெருவின் வாயிலில் நடந்து கடப்போரின் குறுக்கேயும் செல்ல வேண்டும். நான்கு தெருக்கள் கூடும் சாதாரணச் சந்தி ஒன்றில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இடங்கள் பதினாறு என்று போக்குவரத்துப் பொறியாளர் கணக்கிடுவர். அவற்றுள் பன்னிரண்டு இடத்திருப்பத்தால் மட்டுமே உண்டாகின்றன. இடத்திருப்பத்தை நீக்கினால் எஞ்சுபவை நான்கு. வலப்பக்கம் அமர்ந்த ஓட்டுநருக்கோ இடத்திருப்பம் இருமடங்கு கடினம். எதிரே அதே திருப்பத்திற்காகக் காத்து நிற்கும் வண்டி அவருடைய பார்வையை மறைத்துவிடும். அதன் பின்னாலிருந்து விரைந்து வருவதை அவர் கடைசி நொடியில்தான் காண்பார். அமெரிக்காவிலும் போக்குவரத்து வலப்பக்கமே. அங்கே பொதி கொண்டுசெல்லும் யூ.பி.எஸ். நிறுவனம் தன் வண்டிகளின் வழித்தடங்களை இடத்திருப்பம் குறைவாக வரும்படி வகுத்துக்கொண்டதும் இதனால்தான். அவ்வாறு செய்வது நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துவதாக அந்நிறுவனமே கூறுகிறது.

தடை உள்ள சந்தியில் செய்ய வேண்டியது எளிது. சந்தியை நேராகக் கடந்து, அடுத்துவரும் தெருக்களில் வலப்பக்கமாகவே மூன்று முறை திரும்பினால் போக வேண்டிய திசை வந்துவிடும். இந்நகரின் அமைப்பு அதற்கு இடம் தருகிறது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மான்ட்கோமரியும் பிரேசரும் வகுத்த திட்டப்படி, ஆற்றங்கரை ஸ்ட்ராண்ட் சாலையிலிருந்து வடக்கே போஜோ ஆங் சான் சாலை வரை தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் அமைந்துள்ளன. போட்டாதாங் அப்பலகையின் கீழ்ப்பகுதி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணிட்ட குறுந்தெருக்கள் பலவும் ஒருவழித் தெருக்கள். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போதுமென்று வகுத்த அகலத்தில், இன்று இருபுறமும் கார்கள் நிற்கின்றன. எஞ்சிய இடத்தில் ஒரு வண்டி செல்லலாம். எதிரே மற்றொன்று வந்தால் இரண்டும் நிற்க வேண்டியதுதான். தீயணைப்பு வண்டியோ மருத்துவ ஊர்தியோ அவ்வேளையில் வந்தால் அதுவும் நிற்கும். ‘இரண்டே வீடு தள்ளித்தான்’ என்று எதிர்த்திசையில் வண்டியை விடுவோர் இதை நினைவில் கொள்வார்களாக.

மியன்மார் மொழியைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத முதியோர் தமிழரிடையே உண்டு. அவர்கள் பலகையின் வடிவத்தைக் கொண்டே பொருளறியலாம். சிவப்பு வளையமிட்ட வட்டம் தடையைக் குறிக்கும். சிவப்பு ஓரமிட்ட முக்கோணம் எச்சரிக்கை. ஓட்டுநரிடம் வழி கேட்கையில் பயன்படும் சொற்கள் மூன்று: ‘பெ மக்வே யா’ என்றால் இடப்பக்கம் திரும்பக் கூடாது, ‘ஞா மக்வே யா’ என்றால் வலப்பக்கம் திரும்பக் கூடாது, ‘தலான் மவுங்’ என்றால் ஒருவழி. ஓட்டுநர் சுற்றிச் செல்வதைக் கண்டு கூடுதல் கட்டணம் கேட்கப் போகிறார் என்று சச்சரவிடும் முன் இச்சொற்களைக் கேட்டறிந்துகொண்டால் வீண் மனத்தாங்கல் நேராது.

விளக்குச் சந்திகளைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. சிவப்பு, பச்சை இரண்டும் யாவரும் அறிந்தவை. தவறாகக் கொள்ளப்படுவது மஞ்சள். ‘விரைந்து கடந்துவிடு’ என்பது அதன் பொருளன்று. பாதுகாப்பாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும் என்பதே பொருள். எண்கள் இறங்குவரிசையில் ஓடும் விளக்குகளில் இன்னொரு தீங்கும் உண்டு. பச்சையில் மூன்று, இரண்டு என்று எண் இறங்கக் கண்டு ஒரு திசையார் வேகத்தைக் கூட்டுகின்றனர். சிவப்பில் அதே எண்களைக் கண்டு மறு திசையார் முன்கூட்டியே புறப்படுகின்றனர். இருவரும் சந்திக்கும் இடம் சாலையின் நடு. போக்குவரத்துக் காவலர் நின்று கையசைக்கும்போது விளக்கு எதைக் காட்டினாலும் காவலரின் கையே விதி.

வேகத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நகர்ப்பகுதியின் உச்ச வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். பழைய முப்பது மைல் கணக்கிலிருந்து வந்ததால்தான் இந்த எண் முழுமையாக இல்லாமல் தோன்றுகிறது. பிரித்தானிய ஓட்டுநர் கையேட்டின் கணக்குப்படி, அவ்வேகத்தில் செல்லும் கார், ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுவதும் நிற்பதற்குள் 23 மீட்டர் ஓடிவிடும். அதில் 9 மீட்டர், ஓட்டுநரின் கால் தடையை மிதிக்கும் முன்பே கடந்து போகும் தூரம். மணிக்கு 64 கிலோமீட்டரில் நிற்கும் தூரம் 36 மீட்டராகிறது. இருபது மைலுக்கு, அதாவது மணிக்கு 32 கிலோமீட்டருக்குக் குறைத்தால் 12 மீட்டர் போதும். நிறுத்திவைத்த இரு கார்களின் இடையிலிருந்து ஒரு சிறுவன் பந்தைத் துரத்தி ஓடிவருவது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். ஆகவே எண்ணிட்ட தெருக்களுக்குள் 48 என்பது அனுமதிக்கப்பட்ட எல்லையே அன்றி ஓட்டத்தக்க வேகம் அன்று. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மேற்சொன்னவை யாவும் உலர்ந்த சாலைக்கு உரியவை. மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில் அத்தூரம் குறைந்தது இருமடங்காகும் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. சாலையோரம் தண்ணீர் தேங்கும் நாளில் ஓட்டுநர்கள் பள்ளத்திற்கு அஞ்சி நடுப்பக்கம் ஒதுங்குவர். நடப்போரோ தண்ணீருக்கு அஞ்சி அதே நடுப்பக்கம் வருவர். குடையைச் சாய்த்துப் பிடித்தவருக்கு வண்டி தெரியாது. கண்ணாடியில் நீர் வழியும் ஓட்டுநருக்குக் குடை தெரியாது. மழை மாலைகளில் வெளிர்நிற உடையோ, கையில் ஒரு சிறு விளக்கோ பெரிதும் உதவும்.

நடந்து செல்வோர் செய்ய வேண்டியது என்ன? இருவழிச் சாலையில் முதலில் இடப்பக்கம், நடுவை அடையும் முன் வலப்பக்கம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒருவழித் தெருவிலும் இருபுறமும் பார்ப்பது நல்லது. சைக்கிளும் சைக்காவும் எதிர்த்திசையில் வருவதுண்டு. நடைபாதையைத் தேநீர்க் கடைகளும் பழக்கடைகளும் நிறைத்திருக்கும் இடங்களில் சாலையில் இறங்கி நடக்க நேர்ந்தால், வாகனங்கள் எதிரே வரும் பக்கத்தில் நடக்க வேண்டும். முதுகுப்பக்கம் வருவதைவிட முகத்துக்கு எதிரே வருவதைக் கண்டு ஒதுங்குவது எளிது. 2003ஆம் ஆண்டு முதல் யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை உள்ளதால், இங்கு வளர்ந்த பிள்ளைகள் அவ்வண்டிகளின் இடுக்கில் சாலை கடந்து பழகாதவர்கள். விடுமுறைக்கு மாண்டலேக்கோ தமிழ்நாட்டிற்கோ செல்லும்போது பெற்றோர் அவர்கள் கையை விடலாகாது. தமிழ்நாட்டில் பார்க்கும் வரிசையும் நேர்மாறானது என்பதைப் புறப்படுமுன் சொல்லிவைக்க வேண்டும்.

விளக்கு எரியாத சந்தி, மரக்கிளை மறைத்த பலகை, அழிந்துபோன பாதசாரிக் கடவைக் கோடு ஆகியவற்றைக் கண்டால் வட்டார நிர்வாக அலுவலகத்தில் தெரிவிக்கலாம். ‘அந்த முனையில் விளக்கு இல்லை’ என்று மட்டும் சொன்னால் பயனில்லை. கூடும் இரு தெருக்களின் பெயர், எந்தத் திசையிலிருந்து வருவோருக்குத் தெரியவில்லை, பகலிலா இரவிலா என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். மியன்மார் மொழியில் எழுதித் தர இயலாத முதியோருக்காக, வீட்டில் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும்.